குறுக்கே ஒரு கீறல்

போன் அலறியது.

சமையலறையில் பெரியவள் நிதானமாக அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். என்ன செய்தி வரும் என்பது அவளுக்குத் தெரியும். பின் எதற்கு அவசரம்?

மறுமுனையில் அவளுடைய ஓரகத்தி. ஒரே வீடு... ஒரே லேபில் வேலை.

"அக்கா..." சின்னவளின் குரல் நடுங்கியது.

"செத்துப் போச்சா?" வாய் முந்திக்கொண்டது.

"இல்லக்கா. துடிக்குது... எல்லாம் ஒண்ணா துடிக்குது."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அது எப்படி...?

சின்னவளின் ஆராய்ச்சி இதுதான். மெல்லிய ரப்பர் ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத வரிப்பள்ளங்கள் போடுவாள். அதன்மேல் இதயத் தசைச் செல்களை விட்டால், பள்ளத்தின் போக்கிலேயே வரிசையாக வளர்ந்து ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு ஷீட் பாழ். மூன்றாவதும் போனால் அவளுக்கு வேலை போய்விடும்.

அதற்காகத்தானே போன வாரம் பெரியவள் அந்த மூன்றாவது ஷீட்டையும் ட்வீசர் முனையால் குறுக்கே கீறி வைத்தாள்!

முதல் இரண்டும் அவள் கைவரிசைதான்.

பின்னே? வீட்டில் மாமியார் வாயில் எந்நேரமும் சின்னவ, சின்னவ. லேபில் டைரக்டர் வாயிலும் அதே பல்லவி. வருஷக்கணக்காய்க் காத்திருந்த குழுத்தலைவி நாற்காலி, கண்ணெதிரே நகர்ந்து நகர்ந்து நேற்று வந்தவள் பக்கம் போனால்... வயிறு எரியாதா?

லேப்.

மைக்ராஸ்கோப் திரையில், தலைவாரிவிட்டது போல ஒரே பக்கமாய்ப் படிந்து கிடந்தன செல்கள். சேர்ந்து சுருங்கின. சேர்ந்து விரிந்தன.

தாடி என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அழைக்கும் டைரக்டர், பூரித்துப் போயிருந்தார்.

"பாத்தீங்களாம்மா? ஷீட்ல யாரோ கை வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் இந்த அழகு."

"நான் எதுவும் பண்ணல சார்," என்றாள் சின்னவள்.

"என்ன அடக்கம்மா உங்களுக்கு! உங்களைத் தவிர வேற யாரு? குழுத்தலைவி நீங்கதான். இன்னிக்கே அறிவிச்சுடறேன்."

பெரியவளின் காதில் அது நெருப்பாக விழுந்தது.

கீறினது நான்... பேர் இவளுக்கா?

"சார்... அது நான் பண்ணது."

சின்னவள் சட்டென்று திரும்பினாள். "நீங்களாக்கா?"

"ஏன், எனக்கு மட்டும் மூளை கிடையாதா? ட்வீசர் முனையால குறுக்குவாட்டுல கோடு இழுத்தேன் சார். பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு வழி இருந்தா நல்லதுன்னு... யோசிச்சுத்தான் பண்ணேன்."

தாடி ஆவலாக முன்னால் சாய்ந்தார். "அப்ப முதல் ரெண்டு ஷீட்?"

"அதுவும் நான்தான். அப்ப அளவு சரியா வரல. மூணாவதுலதான் கூடி வந்துச்சு."

"இவங்களுக்கு இதுல பங்கே இல்லையா?"

"துளிகூட இல்ல. கட்டுரையில என் பேர்தான் முதல்ல வரணும்."

சின்னவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு சின்னத் தட்டை எடுத்து வைத்தாள். கலங்கிய திரவம்... அதில் உரிந்து மிதக்கும் அழுக்கு நூல்கள்.

"நீங்க கீறினது இதுக்கா. ஒரு செல்லு ஒழுங்கா ஒட்டல."

"அப்ப... திரையில?"

"அது வேற ஷீட். சார் ரூம்ல பூட்டி வெச்சு வளர்த்தோம். கீறலை அன்னிக்கே பாத்துட்டோம். யாருன்னுதான் தெரியல. பேரும் பதவியும் காட்டினா ஆள் தானா வரும்னார் சார்." சின்னவளின் கண்கள் நிறைந்தன. "நீங்களா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்க்கா..."

பெரியவள் கைகூப்பிக்கொண்டு தாடியிடம் ஓடினாள்.

"சார்... என் பேர் கெட்டுடும் சார்..."

தாடி போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

"கவலையே படாதீங்கம்மா. ஆசைப்பட்டபடி உங்க பேர்தான் முதல்ல வரும்... போலீஸ் புகார்ல."