இரும்பு மட்டும் காட்டும் கருவி

அன்று காலை அந்தக் கடையில் இருந்தவர்கள்:

கோயில்பிச்சை, கடைக்காரர்.

சவரிமுத்து, கடல்மதில் பராமரிப்புத் தொழிலாளி. உலோகம் தேடுவது பொழுதுபோக்கு என்று நகராட்சியில் பதிவு செய்திருப்பவர்.

அவர் மனைவி பிலோமினா. கடைக்குள் வராமல் படியிலேயே நின்றவள்.

இசக்கிராஜா, அவர்களுடைய அடுத்த வீட்டுக்காரன். போன மாதம் கடல் வற்றியபோது சேற்றில் தங்கச் சங்கிலி எடுத்தவன்.

அகழ்கண்-ஏழு. விற்பனைக்கு இருந்த உலோக உணரி. இது ஆள் கணக்கில் வராது. ஆனால் கடையில் எல்லாரையும்விட அதிகம் பேசியது அதுதான்.

கடல் உள்ளே வந்த பிறகு தூத்துக்குடியில் பாதி ஊர் மதிலுக்கு வெளியே போய்விட்டது. மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கும். அதற்குப் பெருவற்று என்று பெயர். அன்று மதில் கதவைத் திறந்துவிடுவார்கள். முன்பு குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போனவர்கள் இப்போது குடும்பம் குடும்பமாகப் பழைய தெருக்களுக்குப் போகிறார்கள். சோற்றுப் பொட்டலம், தண்ணீர்க் குடுவை, உலோக உணரி. யாரோ ஒருவருடைய சமையலறை இருந்த சேற்றின் மேல் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் குழி தோண்டி விளையாடுகின்றன.

சட்டம் எளிமையானது. உலோகம் எடுக்கலாம். எலும்பு தட்டுப்பட்டால் சிவப்புக் கொடி நட்டுவிட்டு விலகிவிட வேண்டும். இறந்தவர்களைத் தேட அனுமதி கிடையாது. பொழுதுபோக்குக்கு உண்டு. ஆகவே ஊரில் பாதிப் பேருக்கு இதுவே பொழுதுபோக்கு.

கோயில்பிச்சை மேசைமேல் மணல் தட்டை வைத்தார். அதில் ஒரு மோதிரம், ஒரு சோடா மூடி, ஒரு துருப்பிடித்த ஆணி. அகழ்கண்ணின் வட்டத்தலையை மெதுவாக மேலே ஓட்டினார்.

"மோதிரம். தங்கம். தோண்டலாம்," என்றது கருவி. மூடிமேலும் ஆணிமேலும் போகும்போது வாயைத் திறக்கவில்லை.

"ஆணி கெடக்கே. அதச் சொல்லலியே," என்றார் சவரிமுத்து.

"அதான் அண்ணாச்சி இதுல விசேஷமே. சொல்லாது. ஒங்க பழசு இருக்கே, அது ஆணிக்கும் கத்தும், மூடிக்கும் கத்தும், தகர டப்பாவுக்கும் கத்தும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம். இது ஆளுயர ஆழம் வரைக்கும் பார்க்கும். பார்த்துட்டு, பிரயோசனம் இருந்தாத்தான் பேசும்."

"எனக்கு இரும்பு மட்டும் சொல்லணும். மத்ததுக்குப் பேசக் கூடாது."

இசக்கிராஜா சிரித்தான். "அண்ணாச்சி பழைய இரும்புக் கடை வைக்கப் போறாவ போல."

"தங்கத்துக்குக் கூடவா பேசக் கூடாது?" என்று கேட்டார் கோயில்பிச்சை.

"தங்கத்துக்குத்தான் முதல்ல பேசக் கூடாது."

படியில் நின்ற பிலோமினா உள்ளே எட்டிப் பார்த்தாள். "எதுக்கு அது? வாங்குறதுதான் வாங்குறீய, தங்கம் காட்டுறதையே வாங்குங்களேன். இசக்கி தம்பி எடுக்கலியா? நாளைக்கு நமக்கும் ஒண்ணுன்னா வேணும்லா."

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் தங்கம் என்று வாயைத் திறந்து கேட்டதே இல்லை. வயதாகிறது, பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"வடிகட்டியத் திருப்பிப் போடலாம்," என்றார் கோயில்பிச்சை யோசனையோடு. "விடுறத சொல்லும், சொல்றத விட்டுரும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அந்த அமைப்பு பயனாளர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை," என்றது அகழ்கண்.

"ஒன்னக் கேக்கல, சும்மா கெட," என்று அதட்டினார் கோயில்பிச்சை.

சவரிமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கீழ கெடக்குறது பூட்டுன்னா, பூட்டுன்னு சொல்லுமா?"

"சொல்லும்."

"அது தொறந்திருக்கா, பூட்டியிருக்கான்னு சொல்லுமா?"

இசக்கிராஜா சுவரில் தொங்கிய மண்வெட்டிகளைப் பார்க்கத் தொடங்கினான். கோயில்பிச்சை ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைப்பிடியைத் துடைத்தார்.

"சொல்லும் அண்ணாச்சி," என்றார்.

பிலோமினா படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.

கடல் வந்த அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. புயல் எச்சரிக்கை. ஆனால் வேலைக்கு விடுமுறை விடவில்லை. பிலோமினா விடியுமுன்பே மீன் பதனிடும் கம்பெனிக்குப் போய்விட்டாள். சவரிமுத்து பிறகு கிளம்பினார். வீட்டில் மகள் செலின் மட்டும். பதினொரு வயது. அலை எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்க்கக் கரைக்கு ஓடிவிடுகிற பிள்ளை. அதனால் அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவது அந்த வீட்டு வழக்கம். அவர்கள் வீட்டில் மட்டும் என்றில்லை, அவர்கள் இருந்த மேட்டுத்தெரு முழுக்க அதே வழக்கம்தான். சன்னலுக்குக் கம்பி, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு. பிள்ளை பத்திரமாக இருக்கும்.

மேட்டுத்தெரு என்ற பெயரைக் கடல் படிக்கவில்லை. பிற்பகலில் தெரு காணாமல் போனது. மேலே ஆளுயரத்துக்குச் சேறு படிந்தது.

சவரிமுத்துவுக்குக் கேள்வி ஒன்றுதான். அன்று பூட்டினேனா?

கையில் பூட்டின் குளிர்ச்சி நினைவிருந்தது. மூன்று முறை இழுத்துப் பார்த்ததும் நினைவிருந்தது. ஆனால் அது அன்றைய நினைவா, அதற்கு முந்தின நாளுடையதா, வேறு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையுடையதா? தினமும் கை செய்கிற வேலையை மனம் எழுதி வைப்பதில்லை. தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்காத மனிதன் கிடையாது. எல்லாரும் பூட்டியிருக்க வேண்டுமே என்ற பயத்தில் திரும்பி வருவார்கள். சவரிமுத்து பூட்டாமல் போயிருக்க வேண்டுமே என்ற ஆசையில் ஒன்பது வருடமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

பூட்டு திறந்திருந்தால் செலின் வெளியே வந்திருப்பாள். அன்று படகுகள் வந்தன. பெயர் தெரியாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போயின. இப்போது இருபது வயது ஆகியிருக்கும். எங்காவது இருப்பாள். திறந்து கிடக்கும் ஒரு பூட்டு போதும், மீதி வாழ்க்கையை அவளைத் தேடுவதில் கழித்துவிடலாம்.

அந்த அழிவுக்குப் பிறகு அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் சங்குக்கதவு பொருத்தியது. அபாயச் சங்கு ஊதினால் கதவு தானே திறந்துகொள்ளும். மற்ற நேரத்தில் வீட்டுக்காரர் குரலுக்குப் பூட்டும், திறக்கும். வெளியே பூட்டு மாட்டுவது குற்றம். சனங்கள் கதவை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய மறுவாரமே அதற்கு மேல் ஒரு கொண்டியை அடித்து, பழைய இரும்புப் பூட்டையும் மாட்டிக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்றார்கள். சவரிமுத்து குடியிருந்த வரிசை வீடுகளின் பொது நடையில் பூட்டுத் தொங்காத கதவு அவருடையது ஒன்றுதான். பகலிலும் இரவிலும் அது பூட்டப்பட்டதே இல்லை. பூட்டு என்ற சொல்லை அவர் குரலில் அந்தக் கதவு கேட்டதும் இல்லை.

மறுநாள் பெருவற்று.

மேட்டுத்தெரு இருந்த இடம் உத்தேசமாகத் தெரியும். இடிந்த மாதா கோயில் மணிக்கூண்டின் மிச்சம் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நடந்து கணக்குப் பார்ப்பார். ஆனால் சேறு ஒவ்வொரு மாதமும் நகரும். பழைய கருவியோடு அவர் தோண்டிய குழிகளில் கிடைத்தவை கரண்டி, மிதிவண்டிச் சங்கிலி, யாருடைய வீட்டுத் தண்ணீர்க் குழாயோ. கிடைத்த இரும்பையெல்லாம் கழுவிப் பார்த்துவிட்டு மறுபடி குழியில் போட்டு மூடுவார்.

பிலோமினா வழக்கம்போலக் குடுவையோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இசக்கிராஜா கொஞ்சம் தள்ளித் தன் கருவியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"புள்ளைங்க எங்க தம்பி?" என்று கேட்டாள் பிலோமினா.

"வீட்டுக்குள்ள விட்டுட்டு வந்துட்டேன் மயினி. கூட்டிட்டு வந்தா ஓட விட்டுப் பிடிக்க முடியல."

அவள் குடுவையைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

அகழ்கண் அன்று நிறையப் பேசியது. ஆணி. கீல். ஆணி. அரிவாள்மணை. சன்னல் கம்பி. சன்னல் கம்பி என்றதும் சவரிமுத்து நின்றார். கருவியை இடப்பக்கம் ஓட்டினார். கம்பி, கம்பி, கம்பி. ஒரு சன்னலின் அகலம். சன்னலுக்கு அடுத்தது கதவு. அந்த ஒரு எட்டை எடுத்து வைக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"பூட்டு," என்றது அகழ்கண்.

அவர் கருவியை அசைக்காமல் பிடித்தார்.

"பொருள்: பூட்டு. உலோகம்: இரும்பு. நிலை: பூட்டப்பட்டுள்ளது. கொண்டியோடு உறுதியாக உள்ளது. சந்தை மதிப்பு இல்லை. தோண்டத் தேவையில்லை."

தோண்டினார். இசக்கிராஜா ஓடி வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். சுற்றிச் சேறு சரிந்துகொண்டே இருந்தது. அவன் இடுப்பளவு இறங்கி, கையை விட்டுத் துழாவி, சிப்பி ஒட்டிய ஒரு கட்டியை மேலே கொண்டுவந்தான். பலகை மக்கிப்போய், கொண்டி தனியே கழன்று வந்திருந்தது. பூட்டு மட்டும் தன் வேலையை விடவில்லை. அதன் வளையம் கொண்டிக்குள் கோத்து மூடியிருந்தது. சவரிமுத்து அதை வாங்கிச் சிப்பியைச் சுரண்டினார்; ஒரு காலத்தில் தானே ஆணியால் கீறி வைத்த சிலுவைக் குறி தெரிந்தது. வளையத்தை இழுத்தார். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

"அண்ணாச்சி, விடுங்க," என்றான் இசக்கிராஜா.

சவரிமுத்து குழிக்கு உள்ளே பார்த்தார். பூட்டுக்குப் பின்னால் கதவு இருந்த இடம். அதற்கும் பின்னால் அறை. அவர் அதற்கு மேல் தோண்டவில்லை. சிவப்புக் கொடி ஒன்றை எடுத்து, குழியின் ஓரத்தில் நட்டார். பிறகு கருவியை அணைத்தார்.

கல்லில் உட்கார்ந்திருந்த பிலோமினா கொடியைப் பார்த்தாள். எழுந்து குடுவையை மூடினாள்.

வீடு திரும்பும் வழி முழுக்க சவரிமுத்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "பூட்டிட்டுத்தான் போயிருக்கேன் பிலோமி. நல்லா இழுத்துப் பார்த்துட்டுத்தான் போயிருக்கேன்." அழவில்லை. தவறாகப் போட்ட கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்போலச் சொன்னார். நடையில் ஏறும்போதும் சொன்னார். இசக்கிராஜா தன் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனான். அவனுடைய பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வரும் சத்தம் கேட்டது.

"நான்தான் பிலோமி. நம்ம புள்ளைய நான்தான்..."

"நீங்க பூட்டல," என்றாள் பிலோமினா.

"பார்த்தேல்லா. பூட்டித்தான இருக்கு."

"நீங்க மறந்துட்டுத்தான் போயிருந்தீய. தொறந்து தொங்கிட்டு இருந்துச்சு." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு உச்சிப் பொழுதுல கம்பெனி வண்டி நம்ம தெருமுனை வழியா சரக்கு ஏத்தப் போச்சு. ஒரு எட்டு வீட்டப் பார்த்துட்டு வாரேன்னு டிரைவருகிட்டச் சொல்லிட்டு எறங்குனேன். எனக்கு என்னமோ பூட்டிருப்பாவளான்னு இருந்துச்சு. வந்து இழுத்துப் பார்த்தேன். கையோட வந்துருச்சு."

"பொறவு?"

"அமுக்கி விட்டேன்."

சவரிமுத்து கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் வகை. சாவி தேவையில்லை.

"உள்ள போயிப் பார்க்கலியா?"

"வண்டிக்காரன் ஆரன் அடிச்சுட்டே இருந்தான். உள்ள அவ பாடிட்டு இருந்தா. சத்தம் கேட்டுச்சு. நல்லவேளை வந்தோம்னு நெனச்சேன்."

ஒன்பது வருடமாக அவர் தோண்டிய ஒவ்வொரு குழிக்கும் அருகில் அவள் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள். அவருடைய நம்பிக்கைக்கு வேண்டிய திறந்த பூட்டு உண்மையிலேயே இருந்தது. அதை அவர் திறந்தபடி விட்டிருந்தார். காலை முழுவதும் அந்தக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஒரு தாய் வந்து சரிபார்க்கும் வரை.

"சொல்லியிருக்கலாம்லா," என்றார் கடைசியில்.

"நீங்க தேடிட்டு இருந்தீய. தேடுற வரைக்கும் அவ இருந்தா."

அவர் அகழ்கண்ணைச் சுவரில் சாய்த்து வைத்தார். பூட்டோடு உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"பூட்டு," என்று உள்ளே அவர் குரல் கேட்டது.

ஒன்பது வருடம் காத்திருந்த கதவு உடனே கீழ்ப்படிந்தது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தண்டுகள் நகர்ந்து விழுந்தன.

பிலோமினா நடையில் நின்றாள். பிறகு கை நீண்டு கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. ஒருமுறை. இன்னொரு முறை. மூன்றாவது முறையும்.

நன்றாகப் பூட்டியிருந்தது.