மீனை அப்புறம் பார்

“அம்மா, கிளினிக் சாவியைக் குடு!”

எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அம்மா தினமும் பெருக்கித் துடைக்கும் பல் கிளினிக்கின் சாவி அது. பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் பட்டாசு.

“சும்மா இருடி. டாக்டரம்மா ஊர்லேருந்து வந்தப்புறம்தான் திறக்கணும்.”

“அதுக்குள்ள அங்க தொட்டியில இருக்கிற மீனெல்லாம் செத்துடும்!”

டாக்டருக்கு அவசரம் வந்தால் ஆங்கிலம்தான் வரும். ஊருக்குக் கிளம்பியபோது காரில் ஏறிக்கொண்டே, “லுக் ஆஃப்டர் த ஃபிஷ்!” என்று கத்திவிட்டுப் போனார். அம்மா அதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து மகளிடம் கேட்டாள்.

“இதுகூடத் தெரியாதா? லுக்னா பார். ஆஃப்டர்னா அப்புறம். மீனை அப்புறம் பார்!” என்று வெடித்தாள் பட்டாசு. அம்மாவும் நிம்மதியாகச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள்.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா. இன்னிக்குத்தான் டீச்சர் சொன்னாங்க. லுக்கும் ஆஃப்டரும் சேர்ந்தா அர்த்தமே வேறயாம். ‘தம்பியைப் பார்’னா கண்ணால பாக்கிறது. ‘தம்பியைப் பார்த்துக்கோ’ன்னா?”

“சோறு ஊட்டணும், மூக்கைத் துடைக்கணும், விழாம பிடிச்சுக்கணும்...” அம்மாவின் குரல் இறங்கியது. “அடிப்பாவி! மீனைப் பார்த்துக்கச் சொன்னாங்களா?”

அம்மா சாவியோடு ஓட, பட்டாசு பின்னாலேயே ஓடினாள்.

தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. மீன்கள் மூலையில் சோர்ந்து கிடந்தன. பட்டாசு ஒரு சிட்டிகை தீனியைத் தூவினாள். ஒன்றும் அசையவில்லை.

ஆரஞ்சு மீன் ஒன்று மெல்ல மேலே வந்து வாயைத் திறந்தது. அடுத்த நொடி, பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்த மாதிரி எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன!

வாசலில் கார் வந்து நின்றது.

“டாக்டரம்மா! எதையும் உளறாதே, வேலை போயிடும்,” என்றாள் அம்மா.

“தப்பா அர்த்தம் சொன்னது நான். அதைச் சொல்லிடுவேன். உனக்குத் தெரியாத பாஷையில வேலை சொன்னது அவங்க. அதையும் சொல்வேன்.”

“கோவிச்சுக்கிட்டா?”

“அதை அப்புறம் பார். இப்ப நீ மீனைப் பார்த்துக்கோ!”

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள் பட்டாசு.