இறக்கைக்குள்ளிருந்து இரண்டு தட்டு

பதில் வந்ததில் குறையில்லை. வந்த விதம்தான் சரியில்லை.

ராணுவச் சரக்கு விமானத்தின் இறக்கைக்கு அடியில், அதற்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியின் வாய்க்கு நேராக, கவிழ்த்த பெட்டியின் மேல் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். உட்காரவே கூடாது. தொட்டிக்குள் ஆள் நுழைந்துவிட்டால் வெளியே இருப்பவர் நின்றபடிதான் காவல் இருக்க வேண்டும். அடிக்கடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே காற்று ஊதும் குழாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஆனால் இது அவருக்குத் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். கால்கள் இரவல் வாங்கியவை போல மரத்துக் கிடந்தன.

உள்ளே படுத்துக் கசிவை அடைத்துக்கொண்டிருந்தவன் அவர் மச்சினன். பேச்சு வெளியே கேட்காது. அதனால் வெளியிலிருப்பவர் ஸ்பேனரால் இறக்கையில் இரண்டு தட்டுவார்: இருக்கிறாயா? உள்ளிருப்பவன் இரண்டு தட்டுவான்: இருக்கிறேன்.

"தூங்கிடாதீங்க மாமா" என்று நுழையும்போதே சீண்டியிருந்தான்.

"வாயை மூடிட்டு உள்ள போ மாப்ள. உன் அக்காகிட்ட எனக்குத் திட்டு வாங்கிக் குடுக்காத."

அந்த அக்கா காலையில் சோற்றுப் பாத்திரத்தை நீட்டியபடி சொன்னாள்: "நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் இந்த வேலைக்கு அவனை விட்டேன்." அந்தச் சொல் அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மச்சினன் எதிலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அவசரப்படுபவன். தட்டுவதும் அப்படித்தான். டக்டக். இப்போது வந்ததோ, டக்... டக். சாவகாசமாக. அவனுக்கும் அலுப்பாக இருக்கும், பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

கொட்டகையின் தகரக் கூரையில் மாலை மழை ஒரே சீராய்ப் பெய்தது. எரிபொருள் நெடி தொண்டையில் எண்ணெயாய்ப் படிந்தது. விளக்கொளியில் இறக்கையின் நிழல் தரையில் நீண்டுபோய்ப் பக்கத்தில் பழுதுக்கு நின்ற லாரிகளின் நிழலோடு கலந்தது. இத்தனைக்கும் நடுவே, காலையிலிருந்து காதைக் குடைந்த ஏதோ ஒரு இரைச்சல் ஓய்ந்துபோய், அப்பாடா என்றிருந்தது. அந்தச் சுகத்தில் கண் சொக்கியது. தட்டினார். பதில் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. என்ன இரைச்சல் ஓய்ந்தது?

காற்று ஊதும் இயந்திரம்.

குழாய் தரையில் சப்பையாகக் கிடந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லாரிகளைப் பழுது பார்ப்பவர்கள் தங்கள் துளை போடும் இயந்திரத்தைச் செருகியிருந்தார்கள். எப்போது? தெரியவில்லை.

ஸ்பேனரை ஓங்கித் தட்டினார்.

டக்... டக்.

உயிர் வந்தது. இருக்கிறான். டார்ச்சை உள்ளே அடித்தார். இரண்டு காலணிகள். அசையவில்லை.

"மாப்ள!"

அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். கனத்தது. கத்தினார். ஆட்கள் ஓடி வந்தார்கள். எல்லாருமாகக் கீழே இறக்கினார்கள். உதடு நீலம். இரண்டு கைகளும் வயிற்றுக்கு அடியில் மடங்கி விறைத்திருந்தன.

முதலுதவிக்காரர் கழுத்தில் விரல் வைத்தார். நிமிரவேயில்லை. "ரொம்ப நேரம் ஆயிடுச்சுங்க."

"இல்ல. இப்பத்தான் தட்டினான்."

"இந்தக் கையாலயா?"

மெக்கானிக் அந்த விறைத்த கைகளைப் பார்த்தார். வீட்டில் அவன் அக்காவிடம் என்ன சொல்வது? பக்கத்தில்தான் இருந்தேன் என்றா?

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். தானே தலையை நுழைத்து மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்தார். "காலி" என்று இறங்கினார்.

மழை விட்டிருந்தது.

டக்டக்.

காலித் தொட்டிக்குள்ளிருந்து. அவசரமாக. அதே வெந்நீர் அவசரம். இந்த முறை உள்ளே இருப்பவன் கேட்கிறான்: இருக்கீங்களா?

மெக்கானிக்கின் கை ஸ்பேனரோடு தானாக எழுந்தது. அது இறக்கையைத் தொடும் முன், உள்ளே இருந்தே அவனுக்குப் பதில் வந்தது. சாவகாசமாக.

டக்... டக்.