நிற்காமல் ஓடட்டும்

ஏசியின் கம்ப்ரசர் நின்ற அதே நொடியில் கணவரின் குறட்டையும் நின்றது. முதல் தடவை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியான வெயிலில் தலையணை உறைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள், "அப்பாடா, ரெண்டு பேரும் ஒண்ணா ஓய்ஞ்சீங்களா?" என்று சிரித்துக்கொண்டாள்.

ரெண்டு பேர் என்று அவள் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, பால்கனியில் இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஏசிப் பெட்டியை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். கணவர் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் கழுவிவிட்டு வந்த களைப்பிலும், இதன் தகட்டு இடுக்குகளில் படிந்த தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பார். "என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "நீ கோவிச்சுக்கிட்டா சமாதானப்படுத்திடலாம். இது கோவிச்சுக்கிட்டா அவ்வளவுதான்" என்பார்.

இப்போது பக்கவாதம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது. கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் கண் இமைகள் மட்டும். ஒரு சிமிட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் வேண்டாம். அதை வைத்தே இருவரும் குடும்பம் நடத்தினார்கள். சண்டைகூடப் போட்டார்கள்.

மறுநாளும் நின்றது. வெயிலில் காய்ந்த இரும்பின் வாசனையும் அறைக்குள் டெட்டால் வாசனையும் கலந்து கிடந்த அந்த வேளையில், வெளிப்பெட்டி ஒரு குலுக்கலோடு அடங்க, சுவரில் இருந்த உள்பாதி மட்டும் குளிர்ச்சியில்லாத காற்றைச் சர்ரென்று ஊதிக்கொண்டிருக்க, அந்தச் சர்ருக்குப் பின்னால் இருக்கவேண்டிய இன்னொரு சத்தம் இல்லை என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது. தையல் மிஷினை விட்டு எழுந்து போனாள். மூக்கருகே விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் கண்கள் திறந்தே இருந்தன. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க... ஏங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். போனை எடுத்தாள், அது கை நழுவிக் கட்டிலுக்கடியில் விழுந்தது. அப்போது வெளியே 'தடக்' என்றது. ம்ம்ம் என்று கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. கணவரின் நெஞ்சு ஒரு குலுக்கலோடு மேலே எழுந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்த நேரம். "நல்லாத்தானே மூச்சு விடறாரு? நீங்கதாம்மா தூங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதை நம்பிவிட அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நம்பிக்கை வரவேண்டுமே என்றுதான் ரிமோட்டை எடுத்தாள். அணைத்தாள்.

மூச்சு நின்றது.

உடனே திரும்பப் போட்டாள். உள்பாதி கண் விழித்தது, காற்று ஊதியது, வெளிப்பெட்டி மட்டும் அசையவில்லை. நின்ற கம்ப்ரசர் மூன்று நிமிஷத்துக்கு முன்னால் கிளம்பாது. கிளம்பவிடாதபடி உள்ளே ஒரு தடை இருக்கிறது. அவசரப்படுகிற வாடிக்கையாளர்களிடம் கணவர் எத்தனை முறை போனில் சொல்லிக் கேட்டிருக்கிறாள்: "மூணு நிமிஷம் பொறுங்க சார், அதுக்கும் மூச்சு வாங்கணுமில்ல?" ரிமோட்டை அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் உதடு நீலம் பாய்ந்து வந்தது. அவர் அவளையே பார்த்தார். அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொழில் தெரிந்த ஒரே மனிதர் அந்த வீட்டில் அவர்தான்.

தடக். ம்ம்ம்.

அவள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையிலேயே பங்காளி வந்தான். கணவரோடு சேர்ந்து தொழில் செய்த தொப்பைக்காரன். பங்கு போட்டுக்கொள்வதால் அந்தப் பெயர். ஓடுகிற பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

"வயசான கம்ப்ரசர் அண்ணி. வெயிலுக்குக் கரண்ட்டும் கம்மியா வருது. சூடு தலைக்கேறினா தானா கட் ஆகுது. அப்படிக் கட் ஆகறதாலதான் இன்னும் உயிரோட இருக்கு. புதுசு மாத்திடலாம்."

"மாத்தணும்னா நிறுத்தணுமா தம்பி?"

"நிறுத்தாம எப்படி? காலைல கழட்டினா சாயங்காலம் ஆயிடும்."

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்த வேணாம். தானா நிக்குதே, அதை எடுத்துடுங்க. அந்த மூணு நிமிஷத்தையும் எடுத்துடுங்க. நிக்காம ஓடட்டும்."

"கட் ஆகாதபடி ஒயர் போட்டு டைரக்ட்டா கரண்ட் குடுக்கச் சொல்றீங்களா? அண்ணன் வீட்டுலயா?" அவன் பதறிவிட்டான். "ஒரு கடையில அப்படிக் குடுத்துட்டு வந்தேன்னு என்கூட எவ்வளவு நாள் பேசாம இருந்தாரு தெரியுமா?"

அவள் கணவரின் மூச்சைப் பற்றிச் சொன்னாள். அவன் முகத்தில் வந்தது பயம் இல்லை, பரிதாபம். தூக்கம் கெட்ட பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டான். ஏதோ செய்து சமாதானப்படுத்தலாம் என்று ஒரு சாண் ஒயரை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினான். நின்றுவிட்டான்.

கணவர் இமைத்துக்கொண்டிருந்தார். இரண்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு.

"வேண்டாங்கறாரு அண்ணி."

"அவருக்கு என்ன தெரியும்!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பற்றி அவள் அப்படிப் பேசியதே இல்லை. சொன்ன வாய் கசந்தது. ஆனாலும் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஒயரை இணைக்க அவன் பெட்டியை நிறுத்திய அந்த மூன்று நிமிஷம்தான் கடைசி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இல்லைங்க, இனிமே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே அதைக் கடந்தாள். பங்காளி மூடியைத் திருகிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். பெட்டி ஓடியது. குறட்டை ஓடியது. அவள் கட்டில் காலில் சாய்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பால்கனியிலிருந்து சுட்ட எண்ணெய் வாடை. அவர் குறட்டை விடவில்லை. கண்ணை விழித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இழுக்கிற மூச்சுக்கும் விடுகிற மூச்சுக்கும் நடுவே இருக்கவேண்டிய ஓய்வு இல்லை. ஒரே நீளமான ம்ம்ம். நெற்றியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஈரத் துணி போட்டாள், போட்ட துணி கண்ணெதிரே காய்ந்தது. வெளியே பெட்டிக்குள் 'டொக்' என்றது. அவர் நெஞ்சுக்குள்ளும் டொக் என்றது.

"கொஞ்சம் நிறுத்தட்டுமாங்க? வலிக்குதா?"

கேட்டுவிட்டுத்தான் யோசித்தாள். நிறுத்தினால்?

அவர் இமைப்பதற்குள் விளக்கு இமைத்தது. மின்சாரம் போய், போன வேகத்தில் வந்தது. பெட்டி அடங்கி முடிப்பதற்குள் மறுபடி கிளம்பப் பார்த்தது. பொறுத்திருக்கச் சொல்ல அதற்குள் இப்போது ஒன்றும் இல்லை.

கிளம்பவில்லை.

உறுமியது. சுற்ற முடியாமல், நிற்கவும் தெரியாமல், அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கட்டில் அதிர்ந்தது. அவர் உடம்பு முழுக்க விறைத்து வில்லாக வளைந்தது. பல்லைக் கடித்த வாய்க்குள்ளிருந்து அதே உறுமல்.

ஓடினாள். கூடத்துச் சுவரில் இருந்த பெரிய சுவிட்சில் கை வைத்தாள். இழுத்தால் மூச்சு போய்விடும். இழுக்காவிட்டால் எரிந்துவிடும். இரண்டில் எது என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

இழுத்தாள்.

வீடே இருண்டது. பால்கனியில் பெட்டி ஒரு முனகலோடு செத்தது. விசிறி தள்ளாடி நின்றது. எங்கும் அமைதி.

இல்லை. எங்கும் அல்ல.

படுக்கையறையில் உறுமல் அப்படியே இருந்தது.

சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். தெருவிளக்கு ஜன்னல் வழியே அவர் முகத்தில் விழுந்திருந்தது. இறுகிய பல் இடுக்கிலிருந்து மெல்லிய புகை. சுட்ட எண்ணெய் வாடை. நெஞ்சுக்குள் இரும்பு இரும்பில் மோதும் சத்தம், நிற்காமல். அவள் கை தன்னையறியாமல் அவர் நெஞ்சில் தேடியது, கழுத்தில் தேடியது, நிறுத்துவதற்கு ஏதாவது இருக்காதா என்று.

அவர் அவளைப் பார்த்து இமைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு. இரண்டு. இரண்டு.