கண்கொத்தி போட்ட ஒன்று

பால் வண்டி இன்று ஏழு நிமிடம் தாமதம் என்று பூத் வாசல் திரை சொன்னது. ஏகாம்பரம் நம்பவில்லை. கைபேசியில் தன் கணக்காகப் பன்னிரண்டு என்று தட்டிவிட்டு ஓரமாக நின்றார். வண்டி பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. பாக்கெட்டை இரண்டு முறை கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

மனிதர் அப்படித்தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எடையை இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் நம்பியதில்லை. யாராவது வணக்கம் சொன்னால், எதற்குச் சொன்னான் என்று தெருமுனை வரைக்கும் யோசிப்பார். சொந்தக்காரர்கள் வந்துபோவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் கூட்டுக்கணிப்பி வந்தபிறகு அந்தக் குணத்துக்கே மவுசு வந்துவிட்டது.

கூட்டுக்கணிப்பியில் மாயம் ஒன்றும் இல்லை. லட்சம் பேரிடம் ஊகம் கேட்டுக் கலந்து வடிகட்டினால், எந்த நிபுணரையும்விடச் சரியாக வருகிறது. அடிக்கடி சரியாகச் சொல்கிறவரின் சொல்லுக்கு இயந்திரம் கூடுதல் எடை கொடுக்கும். மழை, தக்காளி விலை, எந்தத் தடத்தில் எத்தனை பஸ், எந்த அணியில் யார் ஆடுவது என்று எல்லாமே இப்போது அப்படித்தான் முடிவாகின்றன. சும்மா கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். அதில் கல்லூரிக் கால்பந்துக் கணிப்புக்குத்தான் கூட்டம் நெரிந்தது.

"அத்த எப்டித்தான் ஆடறது? எனக்கும் சொல்லிக்குடேன்" என்றாள் மனைவி செண்பகம், காபியை வைத்தபடி.

"சனிக்கெழமைக்கி பத்து மேட்ச்சு. பத்துலயும் யாரு ஜெயிப்பான்னு சொல்லணும். அப்பால ஒண்ணுலேந்து பத்து வரிக்கும் நம்பர் குடுப்பான். ரொம்ப உறுதியா இருக்கற மேட்ச்சுக்குப் பத்து, டவுட்டா இருக்கறதுக்கு ஒண்ணு. ஒரு நம்பர ஒரு தபாதான் போடலாம். சொன்னது பலிச்சா அந்த நம்பர்தான் உன் மார்க்கு. பலிக்கலன்னா முட்டை. மூணரைக்குப் பூட்டிடுவான், அதுவரிக்கும் மாத்திக்கலாம்."

"நம்ம பாப்பா மேட்ச்சுக்கு எவ்ளோ போட்ட?"

"பாப்பா டீம் ஜெயிக்கும்னு சொல்லி, ஒண்ணு."

செண்பகம் காரணம் கேட்கவில்லை. "அதான் சரி. பத்துன்னு போட்டுக்கினு, ஊரு கண்ணு பூரா அவ மேல உழறதுக்கா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மகள் நிரோஷா, செங்கேணி மகளிர் கல்லூரி அணியின் கோல்கீப்பர். அவள் நிற்கும்போது அந்த வலைக்குள் காற்றுகூடப் போகாது என்று ஏகாம்பரம் மனசுக்குள் அடித்துச் சொல்வார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான். அதனாலேயே பத்து மாதமாக அவள் நின்ற ஆட்டத்துக்கெல்லாம் ஒன்றுதான் போட்டார். நடுவில் மூன்று வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். வேறு பெண் நின்றாள். கண் படும் பயம் இல்லாததால் அப்போது தாராளமாகப் பத்து போட்டார். மூன்றும் பலித்தன; மற்ற ஆட்டங்களிலும் அவர் கணக்கு தப்பவில்லை. மாநிலத்திலேயே அதிக எடை அவருக்கு வந்தது. யார் என்ன பெயரில் ஆடுகிறார் என்பது ரகசியம். 'கண்கொத்தி' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது அவர்தான் என்று செண்பகத்துக்குக்கூடத் தெரியாது.

இன்றைக்குப் பத்து மண்டலங்களிலும் இறுதி ஆட்டம். தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் செங்கேணி ஆட்டத்தைப் பார்க்க நேரில் வருகிறார்கள். நிரோஷாவுக்கு இது கல்லூரியில் கடைசி வருடம். இன்று நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"நைனா, என்ன உக்கார வெச்சிட்டாங்க." அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. "கணிப்பி சொல்லுச்சாம். எவனோ கண்கொத்தின்னு ஒருத்தன், நான் நின்னா ஒண்ணு போடறான், நான் படுத்துக்கெடந்தா பத்து போடறான். அவன் எடைதான் ஜாஸ்தியாம். பேரு சொல்ல மாட்டாங்களாம், ஆனா அவன் போன் நம்ம தெருவுலதான் இருக்குதாம். யாரு நைனா அது? மாடி வூட்டு மஸ்தானா? நான் அந்தாளுக்கு இன்னா பண்ணேன்?"

"நான் வரேன் பாப்பா" என்று மட்டும் சொல்லி ஏகாம்பரம் போனை வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பயிற்சியாளர் ஹெப்சிபா மைதானத்து வாசலில், கையில் கணிப்பியின் எண்கள் ஓடும் பலகையோடு நின்றிருந்தார்.

"மேடம், அந்தக் கண்கொத்தி நான்தான். கண்ணு பட்டுடக் கூடாதுன்னு கம்மியா போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

ஹெப்சிபா பலகையைத் தாழ்த்தினார். "எங்கம்மாவும் அப்படித்தான் சார். நான் பரீட்சையில முதல் மார்க் வாங்கினா, ஏதோ பாஸாயிட்டான்னு வெளிய சொல்வாங்க. ஆனா இந்த மெஷினுக்குக் கண்ணும் தெரியாது, திருஷ்டியும் தெரியாது. அது சொல்றதை மீறி உங்க பொண்ணை நிறுத்தித் தோத்துட்டா, நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எண்ணை மாத்துங்க. கணக்கு மாறினா நானும் மாத்தறேன்."

இந்தம்மா ஏன் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்? இதில் என்ன உள்குத்து? பழக்க தோஷத்தில் ஏகாம்பரத்தின் மனசு அங்கேயும் ஒரு சுற்று ஓடியது. பத்து என்று போட்டு அவளுக்குக் கையோ காலோ முறிந்தால்? ஆனாலும் கைபேசியை எடுத்தார். வேறு ஆட்டத்துக்குப் போட்டிருந்த பத்தைப் பிடுங்கி மகளுக்குப் போட்டார். பலகையில், நிரோஷா நின்றால் செங்கேணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றுக்கு ஏறியது.

"கிளவுஸ் மாட்டச் சொல்லுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் ஹெப்சிபா.

மூன்றேகாலுக்கு, ஏகாம்பரம் பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தபோது, உடைமாற்றும் அறையிலிருந்து நிரோஷா கூப்பிட்டாள். மகிழ்ச்சியைத்தான் எதிர்பார்த்தார். அவள் குரல் அடங்கி, கிசுகிசுப்பாக வந்தது.

"நைனா, என்ன எறக்கறாங்க. எனக்கு இன்னாவோ சரியாப் படல. பத்து மாசமா ஒண்ணு போட்டவன் இன்னிக்கின்னு பாத்து பத்து போடறான். அவன எவனோ வாங்கிட்டான். என்ன நிக்க வெச்சு கவுக்கறதுக்குத்தான் இது. எனக்கு முன்னால நிக்கற நம்ம டிஃபென்ஸ் பொண்ணுங்களப் பாத்தாகூட இப்ப பயமாக்கீது."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாளே என்று நினைத்தார் ஏகாம்பரம். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் இந்தப் பயத்தோடு அவளை வலைக்கு முன்னால் எப்படி அனுப்புவது?

"அது நான்தாம்மா."

அந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் பூட்ஸ் ஆணிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"எது? ஒண்ணு போட்டதா, பத்து போட்டதா?"

"ரெண்டும்."

"எது நெசம்?"

"பத்துதான் பாப்பா. சத்தியமா பத்துதான். கண்ணு படக் கூடாதுன்னுதான்..."

"நான் அழுதப்புறம் போட்ட பத்துதான நைனா இது?"

அவர் கைபேசியை மறுகாதுக்கு மாற்றினார்.

"என் எடத்துல நீ இருந்தா நம்புவியா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மூன்றரைக்கு எண்கள் பூட்டப்பட்டன. நான்கு மணிக்கு இரண்டு அணிகளும் வரிசையாக வந்தன. இறுதி ஆட்டத்தில் மட்டும் ஆடுகிறவர்களும் எண் போட வேண்டும்; அவர்கள் தங்கள் ஆட்டத்துக்குப் போட்டதைப் பெரிய திரையில் காட்டுவார்கள். ஒவ்வொரு பெயராக ஓடியது. எதிரணிப் பெண்கள் எல்லாரும் பத்து. செங்கேணித் தலைவி பத்து. கடைசியாகக் கோல்கீப்பர் வந்தாள்.

நிரோஷா: செங்கேணி வெல்லும். உறுதி எண், ஒன்று.

மைதானம் சலசலத்தது. பக்கத்துப் படியில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் ஏகாம்பரத்தின் முழங்கையை இடித்தார். "இன்னா சார் இது? கோல்கீப்பருக்கே நம்பிக்கை இல்லியா? இல்ல, கண்ணு பட்டுடும்னு கம்மியா போட்டுகிதா?"

தூரத்தில் நிரோஷா வலைக்கு முன்னால் போய் நின்று கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தாள். இங்கிருந்து முகம் தெரியவில்லை. மாநிலத்திலேயே அதிக எடையுள்ள கணிப்பாளர் அந்த ஒற்றை எண்ணை வெறித்துப் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றார். விசில் ஒலித்தது.