அண்டசாரப் பயற்றமினம்

காலை ஆறு மணிக்கு வழக்கம்போலப் பரிமளத்தின் தொடை அவளைப் பற்றிப் புகார் கொடுத்தது. "நேற்றும் சாப்பிடவில்லை" என்றது உள்ளே பதித்திருந்த தசைமானி. செவ்வாய்க் குடியிருப்பில் எல்லார் உடம்பிலும் இப்படி ஒரு கோள்சொல்லி உண்டு. யாரும் அதைச் சட்டை செய்வதில்லை.

பரிமளம் பனிக்கட்டி லாரி ஓட்டுபவள். இடுப்பு மூட்டு மாற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது. மாத முடிவுக்குள் நூறு அடி தானாக நடக்காவிட்டால் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உடம்பு இரண்டரை மடங்கு கனக்கும். நினைத்தாலே இடுப்பு வலித்தது.

மருத்துவ எந்திரன் மருதன் தட்டை நீட்டியது. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பச்சைப்பயறு.

"இதான் மருந்தா?"

"ஆமாங்கம்மா. புண் ஆற, சதை பிடிக்க அமினோ அமிலம் வேணும். உங்களுக்குத் தேவையானது இதுலயே இருக்கு. சாப்பிட்டுட்டு நடங்க."

"பக்கத்து அறைக்காரிக்கு மூணு டப்பா மருந்து எழுதிக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் முட்டையா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

தட்டைத் தள்ளிவிட்டாள். கணவன் கமலக்கண்ணன் கெஞ்சியும் பயனில்லை. நான்கு நாளில் தொடை சூம்பிப்போனது. எழுந்து நின்றபோது கால் வெடவெடத்தது. அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சத்தமில்லாமல் அழுதாள்.

மருதனுக்குப் பொய் சொல்ல அனுமதி இல்லை. அரைக்க அனுமதி உண்டு. அதே முட்டையை அவித்து உலர்த்தி, அதே பயறை வறுத்துப் பொடித்து, பளபளக்கும் டப்பாவில் அடைத்தது. மேலே 'அண்டசாரப் பயற்றமினம்' என்று எழுதியது. அண்டம் என்றால் முட்டை, அமினம் என்றால் அமினோ அமிலம். ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. கீழே சிவப்பில் ஓர் எச்சரிக்கை: 'சொன்ன அளவு மட்டும்.'

பரிமளம் பெயரை இரண்டு முறை படித்தாள். "இப்பதான் மருந்துன்னு ஒண்ணக் குடுத்திருக்கீங்க!"

மணி பார்த்துக் கலக்கிக் குடித்தாள். குடித்த தெம்பில் நடந்தாள். அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, அதிகாரி முன்னால் நூற்றிருபது அடி நடந்துகாட்டினாள். கமலக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மருதனுக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, அந்த டப்பாவுல இருந்தது வெறும் முட்டையும் பயறும்தாங்க."

பரிமளம் சிரித்தபடி தலையாட்டினாள். அது வாசலைத் தாண்டியதும் கணவனை அருகில் இழுத்தாள்.

"ஏங்க, சரக்கு தீரப்போகுதுபோல. அதான் இப்படிக் கதை கட்டுது. ஓடிப்போய் ஆறு டப்பா வாங்கி வச்சிருங்க."