பக்கத்து நிலத்துக்காரரின் கையெழுத்து

மூன்று புகார்க் கடிதங்களையும் சர்வேயரின் மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள் பண்ணைக்காரி. நான்காவது வந்தால், பண்ணையில் விருந்தினரைத் தங்கவைக்கும் உரிமம் ரத்து. கணவர் போனபின் அவளுக்கிருந்த ஒரே துணை, அந்தக் குடில்களுக்கு வந்துபோகும் முகங்கள்தான்.

"மொட்டைக் கடுதாசி சார். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

ஓய்வுபெற்ற சர்வேயர் நிதானமாகப் படித்தார். பெயர்ப்பலகை இரண்டடி அதிகம். வேலியோரம் கார் நிற்கிறது. விளக்கு வெளிச்சம் பக்கத்து நிலத்தில் விழுகிறது. அவ்வளவே.

"டவுன் லாட்ஜ்காரன்தான் சார்! வியாபாரம் படுத்துடுச்சுல்ல!" என்று துள்ளினார் அவருடைய உதவியாளர். ஊரே அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும்.

"பதில் எப்படிக் குடுத்தீங்கம்மா?" என்று கேட்டார் சர்வேயர்.

"இதுக்கெல்லாம் பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட நேர்ல போய், ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கணும் சார். பக்கத்துல எங்க அண்ணன்தான். பாகம் பிரிச்சதுலேருந்து ஆறு வருஷமாப் பேச்சில்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். உக்காருன்னு நாற்காலியைக் காட்டிட்டு, அந்தக் காகிதம் நாலு பக்கத்தையும் வரி வரியாப் படிச்சு இழுத்தடிப்பாரு."

"போட்டாரா?"

"மூணு தடவையும் போட்டாரு."

மறுநாள் காலை பண்ணைக்கு வந்த சர்வேயர், மூன்றாவது குடில் முன்னால் நின்றார். உரிமத்தில் இருந்தது இரண்டுதான். அவள் எச்சில் விழுங்கினாள். எதிரே அண்ணன் வீட்டு ஜன்னல். திட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்ந்திருந்தன.

"லாட்ஜ்காரனா இருந்தா முதல்ல இதைத்தான் எழுதியிருப்பான்," என்றார் சர்வேயர். "இதுக்குக் கையெழுத்தெல்லாம் கிடையாது, ஆபீஸ்லேருந்து நேரா வந்து சீல் வச்சிடுவாங்க. தினமும் இதைப் பாக்கறவர் இதை விட்டுட்டு, கையெழுத்து தேவைப்படற மூணை மட்டும் பொறுக்கி எழுதியிருக்காரு."

"அண்ணனா? என்னைக் கவுக்கவா?"

"கவுக்கணும்னா கையெழுத்து போடாம இருந்தாலே போதுமே. நாலாவதுல உரிமம் போயிடும்னு அவருக்குத் தெரியாது போல. ஒண்ணு சொல்லுங்க, அந்தக் காகிதம் இல்லாம அந்தப் படி ஏறுவீங்களா?"

அவளுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது; பிறகு ஜன்னலில் கவிழ்ந்திருந்த அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?" என்றாள். வந்திருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

வேலியைத் தாண்டி நடந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் அண்ணன் அவசர அவசரமாகக் கண்ணாடியை மாட்டி, பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்?"

"பேப்பர் எதுவும் இல்லண்ணே," என்று அவளே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பேனாவை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.